ரூடால் அண்ட் ரோஸ் மரக்குழல்: பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

கோக்கஸ் என்ற கடினமான மரம், துளைகளை மூடித் திறக்கும் எட்டு வெள்ளிச் சாவிகள், மூட்டுகளில் வெள்ளி வளையங்கள். தலை, பேரல் (தலையை அடுத்த சிறு துண்டு), இடக்கைப் பகுதி, வலக்கைப் பகுதி, கால் என ஐந்து துண்டுகள். முத்திரையில் ரூடால் அண்ட் ரோஸ் என்ற பெயரும் அதன் கீழே 15 பியாட்சா, கோவென்ட் கார்டன் என்ற முகவரியும் இருக்கின்றன. இந்த நிறுவனம் லண்டனில் 1821இல் தொடங்கியது; கடை சில முறை இடம் மாறியது. பியாட்சா முகவரி இருந்தால் 1830களை ஒட்டிய குழல். வயதை முதலில் பார்க்க வேண்டியது முகவரியில்தான்.

பெயர் மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. ஐந்து துண்டுகளும் ஒரே குழலுக்குச் சொந்தமா என்று பார்க்க வேண்டும். மரத்தின் நிறம், ரேகை, வளையங்களின் வேலைப்பாடு எல்லாம் ஒத்துப்போகின்றனவா? தொலைந்த பேரலுக்குப் பதிலாக வேறு குழலின் பேரலை மாட்டியிருப்பது பழைய குழல்களில் சகஜம். இதில் எல்லாம் பொருந்துகின்றன.

குறைகள்: தலைப்பகுதியில் நீளவாக்கில் ஒரு விரிசல், ஊதுதுளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பேரலிலும் ஒன்று. வளையங்கள் இரண்டு கையோடு கழன்று வருகின்றன. நீளமான எஃப் சாவியின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. சாவிகளுக்கு அடியில் துளையை அடைக்கும் தோல் மெத்தைகள், அதாவது பேட்கள், காய்ந்து கல்லாகிவிட்டன.

பிப்ரவரி 5

விரிசலின் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் யாரிடம் கொடுப்பது என்பதே புரியும். ஆகவே கொஞ்சம் விரிவாக.

தலைப்பகுதிக்கும் பேரலுக்கும் உள்ளே உலோகக் குழாய் செருகியிருக்கிறது. சுருதியை ஏற்றி இறக்குவதற்காகக் குழாய்க்குள் குழாய் நகரும் ஸ்லைடு அது. ரிச்சர்ட் பாட்டர் 1785இல் பெற்ற காப்புரிமையிலேயே இந்த ஸ்லைடு உண்டு. அதன் பிறகு இங்கிலாந்துக் குழல்களில் அது வழக்கமாகிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், மரம் வயதாக ஆகக் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. உள்ளே இருக்கும் உலோகமோ அசைந்து கொடுக்காது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டா இறுகுவது போல இங்கே மரம் உலோகத்தின் மேல் இறுகுகிறது. இறுகும் பொருள் இரும்பு என்றால் தாங்கும். மரம் பிளக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உடற்பகுதிகள் வாசிக்கும்போது மூச்சின் ஈரத்தை உள்ளிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தலையிலும் பேரலிலும் உலோகம் மறைத்துக்கொண்டிருப்பதால் மரத்துக்கு அந்த ஈரம் போய்ச் சேராது. வெளியே குளிர்கால ஹீட்டர் காற்று உலர்த்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வகைக் குழல்களில் விரிசல் பெரும்பாலும் இந்த இரண்டு துண்டுகளில்தான் வருகிறது. உடற்பகுதியில் விரிசல் விடுவது அபூர்வம்.

வளையங்கள் கழல்வதற்கும் காரணம் இதே சுருக்கம்தான். வளையம் வெளியே இருக்கிறது, மரம் அதை விட்டு உள்ளே போய்விட்டது.

பிப்ரவரி 6

ஆள் கிடைக்கும் வரை செய்ய வேண்டியவை. ஊதக் கூடாது. விரிசலில் எண்ணெய் விடக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. சூப்பர் க்ளூவைத் தொடவே கூடாது. கழன்ற வளையங்களையும் உடைந்த ஸ்பிரிங் துண்டையும் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். துண்டுகளைப் பிரித்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கூடவே துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சு ஒன்று. ஸ்பாஞ்சு மரத்தைத் தொடக் கூடாது. ஈரப்பதமானி 50 முதல் 60 சதவீதம் காட்டினால் போதும். அதற்கு மேல் போனால் பூஞ்சை வரும்.

பிப்ரவரி 10

மூட்டுகளில் சுற்றிய நூலைப் பிரித்துப் பார்த்ததில் இன்னொரு குறை தெரிகிறது. ஆளுக்கு ஆள் பழைய நூலின் மேலேயே புது நூலைச் சுற்றி, இறுக்கி, மெழுகு தடவி வந்திருக்கிறார்கள். டெனான், அதாவது அடுத்த துண்டுக்குள் செருகும் முனை, மெல்லிய சுவர் கொண்டது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தில் உள்நோக்கி நெரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உட்துளையை அளந்தால்தான் தெரியும்.

இந்த வகைக் குழலின் தலை நேர்க்குழாய், உட்துளை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். உடலில் அது கால் நோக்கிப் படிப்படியாகக் குறுகும். சீராகக் குறுக வேண்டிய இடத்தில் டெனானுக்குள் மட்டும் திடீரென ஒரு இடுப்பு போல 0.2, 0.3 மில்லிமீட்டர் குறைந்தால் அது நூலின் வேலை. கீழ் ஸ்தாயி சோர்ந்து போவதும் சில சுரங்கள் விலகுவதும் இதனால் நேரலாம். பேட் மாற்றினால் சரியாகிவிடும் என்று அலைபவர்கள் பலர் இதை அளப்பதே இல்லை.

பிப்ரவரி 12

பழுதுபார்ப்பவருக்கு அனுப்பும் படங்கள்: முத்திரை அருகில் இருந்து, விரிசல் முழு நீளமும் பக்கத்தில் ஸ்கேலுடன், ஊதுதுளை நேர் மேலிருந்து, டெனான்கள் நூல் இல்லாமல், ஒவ்வொரு சாவியும் பக்கவாட்டில். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ வேண்டும். ஃபிளாஷ் போட்டால் விரிசல் மறைந்துவிடும்.

ஊதுதுளையின் நீள அகலத்தை வெர்னியர் அளவியால் அளக்கும்போது அதன் தாடை துளையின் விளிம்பைத் தொடக் கூடாது. குழலின் குரல் முழுக்க அந்த விளிம்பில் இருக்கிறது. ஒரு சிறு கீறல் விழுந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதே நல்லது.

பிப்ரவரி 19

யாரிடம் கொடுப்பது?

பள்ளி ஆர்கெஸ்ட்ராக்களின் வெள்ளிக் குழல்களைப் பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் தங்கள் தொழிலில் தேர்ந்தவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் கைக்கு வருவது ஜெர்மானியக் குழல் வல்லுநர் போம் 1847இல் வடிவமைத்த குழலின் வழிவந்தவை. அதன் பேட், ஸ்பிரிங், தண்டு எல்லாமே வேறு. மரத் தலையிலிருந்து உலோகக் குழாயை உருவி எடுக்கும் வேலை அவர்களுக்கு வருவதே இல்லை. பழைய மேசை நாற்காலிகளைச் சீர்செய்பவருக்கு மரம் தெரியும், காற்றுத்தூண் தெரியாது. அவர் கையில் விரிசல் அழகாக மறையும். ஊதுதுளை விளிம்பு மணல்தாளில் மழுங்கிப் போகும்.

தேட வேண்டியது, இந்தக் குழலைத் தாமே செய்பவர்களை. போமின் குழல் வந்ததும் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பழைய மரக்குழல்களைக் கைவிட்டார்கள். அவை மலிவாக விலைபோனபோது ஐரிஷ் நாட்டுப்புற இசைக்காரர்கள் வாங்கினார்கள். இன்றும் அந்த இசைக்கு ரூடால், பிராட்டன் போன்ற பழைய இங்கிலாந்துக் குழல்களைப் பார்த்துப் புதிதாகக் கடைந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். கடைசல் இயந்திரமும், உட்துளையைச் செதுக்கி அகலப்படுத்தும் கூம்பு ரீமர்களும் அவர்களிடம் உண்டு. பழைய குழல்களை அளந்து அளந்தே தொழில் கற்றவர்கள். அவர்களில் பழுதுபார்க்கும் பொறுமை உள்ளவர் ஒருவரைப் பிடித்தால் போதும்.

விசாரிக்க நல்ல இடம், பழைய குழலை மேடையில் வாசிப்பவர்கள். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பேயில் ஜூலை மாதம் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்கு வருபவர்களில் சிலரின் பைக்குள் இப்படி ஒன்று இருக்கும். யாரிடம் பழுதுபார்த்தீர்கள் என்று கேட்பதைவிட, பழுதுபார்த்து ஐந்து குளிர்காலம் ஆன குழலைக் காட்டச் சொல்வது மேல். இங்கிலாந்தில் நியூவார்க் நகரில் காற்றுக்கருவி செய்யவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தந்து வந்திருக்கிறார்கள். அங்கே படித்து வந்தவர்களிலும் சிலர் பழைய மரக்கருவிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 4

பதில்கள் வந்திருக்கின்றன. ஒருவர் விரிசலை எபாக்சி கொண்டு நிரப்பி, மேலே பாலிஷ் போட்டு ஒரே வாரத்தில் தருவதாகச் சொல்கிறார். உள்ளே உலோகம் அப்படியே இறுக்கிக்கொண்டிருக்க மேலே மட்டும் அடைத்தால், அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்திலோ அதன் பக்கத்திலோ மீண்டும் பிளக்கும். பிறகு வருபவருக்கு எபாக்சியைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு.

இன்னொருவர் நன்றாகவே பேசுகிறார். கூடவே, ஊதுதுளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இன்றைய கச்சேரிகளுக்கு ஓசை கூடும் என்கிறார். இதை யார் சொன்னாலும் அங்கேயே கும்பிடு போட்டுவிட வேண்டும். அசல் ஊதுதுளை உள்ள ரூடால் குழல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரிய ஓசை வேண்டுமென்றால் புதிதாக ஒரு தலையைச் செய்து மாட்டிக்கொள்ளலாம், பழையது பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

மூன்றாமவர் விலை சொல்வதற்கு முன் கேள்விகள் கேட்டார்: “உலோகக் குழாய் தலைக்குள் அசைகிறதா? விரிசல் கோடையில் மூடிக்கொள்கிறதா? முன்பு யாராவது பசை போட்டிருக்கிறார்களா? நகம் வைத்துப் பார்த்தால் பளபளப்பான கோடு தெரிகிறதா?” உருவிய பிறகுதான் கடைசி விலை சொல்ல முடியும் என்கிறார். தொடுவதற்கு முன் உட்துளையை அளந்து அட்டவணையாகத் தருவார், எடுத்த பழைய பேட், ஊசி எல்லாவற்றையும் திருப்பித் தருவார். காத்திருப்போர் வரிசை நீளம். இருந்தாலும் இவரிடம்தான் கொடுக்க வேண்டும். டப்பாவில் சும்மா இருக்கும் குழலுக்கு ஒன்றும் ஆகாது. தவறான கையில் ஒரு பிற்பகல் போதும், எல்லாம் போய்விடும்.

மார்ச் 6

தந்தம் உள்ள குழல் வைத்திருப்பவர்களுக்கு. பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6இல் நடைமுறைக்கு வந்தது. வைத்திருப்பதற்குத் தடையில்லை, விற்பதற்குத்தான். 1975க்கு முந்தைய இசைக்கருவியில் தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் பதிவு செய்துவிட்டு விற்கலாம். ஆனால் பழுதுபார்க்க என்று நாட்டு எல்லை தாண்டி அனுப்பினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் விதிகள் குறுக்கே வரும். உரிய ஆவணம் இல்லாமல் தபாலில் போட்டால் சுங்கத்தில் பறிபோகலாம். முடிந்தவரை உள்நாட்டிலேயே ஆள் பார்ப்பது நல்லது. உடைந்த தந்த வளையத்துக்கு மாற்றாக ரெசினில் செய்த வளையம் கண்ணுக்கு ஒத்துப்போகும்.

செப்டம்பர் 9

வேலை தொடங்கியிருக்கிறது. உலோகக் குழாயின் உள்ளே சூடான தண்டு ஒன்றை மெல்ல நுழைத்துப் பழைய அரக்கை இளக்கி, அச்சில் தட்டி உருவியிருக்கிறார். வெளிவந்ததும் தலையின் விரிசல் பாதிக்கு மேல் தானாகவே மூடிக்கொண்டது. மரம் எவ்வளவு இறுகிக்கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது மரத்தின் உட்பக்கத்தை ரீமரால் கால் மில்லிமீட்டர் அளவு அகலப்படுத்துவது. அசல் மரத்தை எடுப்பது மனதுக்கு ஒப்பாதுதான். என்றாலும் ஓசையைத் தீர்மானிப்பது உலோகக் குழாயின் உள்விட்டம், அதைத் தொடப்போவதில்லை. மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இடம் கொடுக்காமல் விரிசலை மூடுவதில் அர்த்தமில்லை.

பிறகு ரப்பர் குழாய் சுற்றி மெதுவாக இறுக்கி, மெல்லிய சயனோ பசையை விரிசலில் ஓடவிட்டார். நாம் தொடக் கூடாது என்ற சூப்பர் க்ளூ வகைதான் அது; உலோகத்தை உருவிய பிறகு, தேர்ந்த கையில் என்பதே வித்தியாசம். ஊதுதுளைப் பக்கம் பசை வழியாதபடி மெழுகு பூசியிருந்தார். பேரலின் விரிசல் முழுக்க மூடவில்லை. அதற்குக் கோக்கஸ் மரத்திலேயே மெல்லிய சீவல் சீவி, ரேகை ஒத்துப்போகும்படி பதித்திருக்கிறார். பழைய கோக்கஸ் துண்டுகளை இதற்கென்றே சேர்த்து வைத்திருப்பவர் என்பதும் நல்ல அடையாளம். அந்த மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். உதட்டில் அப்படி வந்தால் அந்தக் குழல் அவருக்கு ஆகாது.

குழாயைத் திரும்பச் செருகும்போது உலோகத்திலுள்ள துளையும் மரத்திலுள்ள துளையும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். உலோக விளிம்பு உள்ளே துருத்தினால் ஓசை கரகரக்கும். இறுகும் பசை இல்லாமல், நெகிழும் பசையில் பொருத்தியிருக்கிறார். மரம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

செப்டம்பர் 16

சாவிகள். மரத்திலேயே கடைந்து விட்ட மேடுகளுக்கு நடுவே ஊசியில் ஆடுபவை இவை. துருவேறிய ஊசியைத் தட்டினால் மேடு பிளக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரை பொறுத்து எடுக்க வேண்டும். கிண்ணம் போன்ற சாவிகளுக்குத் தட்டையான நவீன பேட் பொருந்தாது. தோலுக்குள் கம்பளி அடைத்துச் சுருக்குப் பையாகக் கட்டிய பேட்தான் வேண்டும், அரக்கில் உட்கார வைத்து. காலில் உள்ள சாவிகளில் இரண்டில் மட்டும் பேட் கிடையாது. ஈய வெள்ளீயக் கலவைக் குமிழ் வெள்ளித் தட்டின் குழியில் அமர்கிறது. அதைத் தோலால் மாற்றித் தரவா என்று யாரேனும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குமிழைத் தட்டோடு தேய்த்து உட்கார வைத்தால் போதும்.

கசிவுச் சோதனை துண்டு துண்டாக: ஒரு முனையைக் கார்க்கால் அடைத்து, துளைகளை விரலால் மூடி, மறுமுனையில் காற்றை உறிஞ்ச வேண்டும். சில நொடிகள் உதட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் கசிவில்லை. வலக்கைப் பகுதி முதலில் தேறவில்லை. காரணம் கடைசியில் குட்டை எஃப் சாவியின் பேட்.

செப்டம்பர் 24

டெனான் நெரிசல். மூன்றில் ஒன்று, நூலின் அழுத்தம் போனதும் தானாகக் கொஞ்சம் விரிந்துவிட்டது. மற்ற இரண்டையும் இப்போதைக்குத் தொடவில்லை; வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார், அதுவே சரி. புது நூல் குறைந்த சுற்றுகள்தான், தேன்மெழுகு தடவி. இறுகப் பிடிக்க வேண்டியதில்லை, ஆடாமல் இருந்தால் போதும்.

அக்டோபர் 2

குழல் திரும்பிவிட்டது. தலைக்குள் இருக்கும் கார்க் அடைப்பு ஊதுதுளையின் மையத்திலிருந்து 19 மில்லிமீட்டரில், அதாவது உட்துளை விட்டத்தின் அளவுக்கு இருக்கிறது. முதல் வாரம் தினமும் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஊதியதும் பருத்தித் துணியால் உள்ளே துடைத்து, துண்டுகளைப் பிரித்தே வைக்க வேண்டும். எண்ணெய் உடற்பகுதிகளுக்கும் காலுக்கும் மட்டும், பாதாம் எண்ணெய் சில சொட்டு, பேட்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் செருகிவிட்டு. தோலில் எண்ணெய் பட்டால் இத்தனை வேலையும் வீண்.

ஸ்லைடை இழுத்து இன்றைய பொதுச் சுருதியான ஏ 440க்குக் கொண்டுவந்தால் கீழ் டி சுரம் கொஞ்சம் இறங்கியே ஒலிக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்துக் குழல்கள் பலவற்றின் இயல்பு அது, பழுது இல்லை. உதட்டைச் சற்றுத் திருப்பி அழுத்தமாக ஊதினால் ஏறி வந்துவிடும். டெனான்களை மறுபடி அளக்க மார்ச்சில், ஹீட்டர் காலம் முடிந்ததும் எடுத்துப்போக வேண்டும்.