மொட்டைமாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

எட்டு அடி வலை டிஷ்ஷுக்கு, அதைத் திருப்பும் மோட்டாரான 36 வோல்ட் ஆக்சுவேட்டர் மாட்டியாகிவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் முனகிக்கொண்டே கிழக்கிலிருந்து மேற்கே திரும்புகிறது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

கிருஷ்ணகிரி 12.5 பாகை அட்சரேகையில் இருப்பதால், 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஜிசாட் 30 செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேதான். டிஷ் வானம் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. "இதில் மாங்காய் வற்றல் காயப் போடலாமே" என்றார் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தொல்லை எல்லாம் ஓரங்களில். 83 பளிச்சென்று வந்தது, 68.5இல் இன்டெல்சாட் 20 தள்ளாடியது, 105.5இல் ஏசியாசாட் 7 எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியை மாற்றச் சொன்னார்கள் நண்பர்கள். மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிக் கம்பத்தில் வைத்தால், குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது! கம்பம் செங்குத்தாக இல்லாவிட்டால் நடுவில் சரியாக இருக்கும், ஓரங்களில் செயற்கைக்கோள்கள் நிற்கும் வளைவு தப்பிவிடும். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

டிஷ் சுழலும் அச்சு வடக்குக்கு நேராக இருக்க வேண்டும். வடக்கைப் பிடிக்கத் திசைகாட்டியை நம்பவில்லை, சுற்றிலும் இரும்புக் கம்பிகள். தூக்குக்குண்டு கட்டினேன். மாசி முதல் வாரத்தில் இங்கே நிழல் நேர் வடக்கே விழுவது பகல் 12.31க்கு. நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு இழுத்து, அச்சை அதற்கு நேராக நிறுத்தினேன்.

மோட்டார் தலைக்கு மழைக்காகப் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். 105.5 இப்போது வருகிறது. காற்றடித்தால் 68.5 மட்டும் இன்னும் துடிக்கிறது. ஆக்சுவேட்டர் போல்ட்டில் ஆட்டம். நாளை வாஷர் வாங்க வேண்டும்.