‘ட’ போலத் திரும்பும் மாடம்

நேற்று மாலை புறாவின் முட்டை மாடத்துக்குள்ளேயே கிடந்தது. நான்காம் முறை பிரித்துச் சேர்த்ததற்குப் பலன். முந்தைய மூன்று முறையும் கீழே விழுந்து உடைந்தது. பெட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் செய்து வைத்திருந்தது முன்பக்கம் ஓட்டை போட்ட வெறும் பெட்டி.

புறாக்கூண்டு, புறாக்கூடு, புறாமாடம் எல்லாம் எனக்கு முன்பு ஒன்றுதான். இப்போது யாராவது இதைக் கூண்டு என்றால் சுருக்கென்கிறது. கூண்டுக்குப் பூட்டு உண்டு. மாடத்துக்குப் புறா தானாக வரும், தானாகப் போகும். விளக்கு வைக்கச் சுவரில் விடும் குழியும் மாடம்தான். மாடப்புறா என்று பெயர் வைத்தவர்கள் அதன் குணம் தெரிந்தவர்கள். பாறை இடுக்கில் முட்டையிட்டுப் பழகிய இனம் அது. நெடுநல்வாடையில், வாடைக் குளிரில் இரைதேடப் போகாமல் செங்கால் சேவல் பெடையோடு ஒடுங்கும் இடம் ‘மதலைப் பள்ளி’, அதாவது கொடுங்கை எனும் வளைந்த கூரை விளிம்பை ஒட்டிய இடம். கோயில் கட்டடக் கலையில் அந்தக் கொடுங்கைக்கே கபோதம் என்று பெயர். கபோதம் என்றால் புறா.

சரி, திருப்பத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பழைய கல் மாடங்கள் பலவற்றில் பொந்து நேராகப் போகாது. உள்ளே போய் ஒரு பக்கம் திரும்பும், ‘ட’ எழுத்தைப் போல. அடைகாக்கும் பறவை இருட்டில் மறைந்திருக்கும். அதை மரத்தில் செய்ய நினைத்தேன்: வாசல் 15 செ.மீ. சதுரம், வலப்பக்கம் திரும்பி 30 செ.மீ. நீளம்.

முதலில் செய்ததில் திருப்பமே இல்லை. இரண்டாவதில் திருப்பம் இருந்தது, முட்டையும் வைக்கோலும் வெளியே போகாமல் நிறுத்தும் தடுப்புப் பட்டை இல்லை; கொண்டுவந்த வைக்கோலைத் திரும்பும்போது வாலாலேயே வெளியே தள்ளின. மூன்றாவதில் 2 செ.மீ. தடுப்பு வைத்தேன். பக்கத்து மாடத்துச் சேவல் சண்டைக்கு நுழைந்ததும் முட்டை அதையும் தாண்டி உருண்டது. 5 செ.மீ. ஆக்கினேன். அதை எங்கே நிறுத்துவது என்பதில் இரண்டு வாரம் போயிற்று. வாசலில் நிறுத்தினால் அதன் மேலேயே உட்கார்ந்து எச்சமிடுகின்றன. மிகவும் உள்ளே தள்ளினால் கூடு வைக்க இடமில்லை. சரியாகத் திருப்பத்தின் முனையில், வாசலிலிருந்து பார்த்தால் பாதி மட்டுமே தெரியும்படி நிறுத்தியபோதுதான் பெட்டை தயங்காமல் உள்ளே போனது. தடுப்பின் மேல்விளிம்பை அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள். கூர்மையாக விட்டதில் மார்பு இறகுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

திருப்பம் வைத்தால் சுத்தம் செய்யக் கை எட்டாது. அதனால் பின்பலகையைக் காடியில், அதாவது மரத்தில் வெட்டிய நீளப் பள்ளத்தில் விட்டு மேலே இழுத்தெடுக்கும்படி அமைத்தேன். முதல் மழையிலேயே அது ஊறிச் சிக்கிக்கொண்டது. தண்ணீரைத் தாங்கும் மெரைன் பிளைவுட் என்று சத்தியம் செய்து விற்ற மகானை நினைத்தால் இன்னும் எரிகிறது. வாங்குமுன் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது மெரைன் இல்லை.

ஒரு ஜோடிக்கு இரண்டு மாடம் வேண்டும். குஞ்சுகள் இறங்குமுன்பே அடுத்த முட்டை வந்துவிடும். என்னிடம் மூன்று ஜோடி, முடிந்தவை நான்கு மாடம். மீதி இரண்டை முடிக்காமல் மனம் வேறெங்கோ ஓடுகிறது. வட்டமான பெரிய மாடங்களின் நடுவே சுழலும் தூண் ஒன்று இருக்கும். அதிலிருந்து நீளும் கைகளில் ஏணி. ஏணியில் நின்றபடியே சுற்றிவந்து எல்லாப் பொந்துகளையும் எட்டலாம். பிரெஞ்சில் அதற்குப் போட்டான்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தூக்குமரம் என்றும் பொருள். ஆறு மாடத்துக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் துண்டுப் பலகைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

லத்தீனில் புறாமாடத்துக்குக் கொலும்பாரியம் என்பார்கள். இறந்தவர்களின் சாம்பல் கலசங்களை வைக்கும் குழிவரிசைக்கும் அதே பெயர். இதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கீழ்வரிசைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாவது முட்டை நாளை பிற்பகலுக்குள் வரவேண்டும். பொரிக்க அதிலிருந்து 17, 18 நாள். கூரை அறையாமல் தார்ப்பாயோடு நிற்கிறது, அதுவரை சுத்தியலைத் தொடப்போவதில்லை.