சாம்பிளைத் துவைத்துத் தொங்கவிடுங்கள்: அரைக்கை ஸ்வெட்டர் செய்முறைத் தேர்வு அனுபவம்

போன வியாழக்கிழமை பின்னல் தேர்வின் முடிவு வந்தது. தேறிவிட்டேன், செய்முறையில் 81. இது இரண்டாவது முறை. முதல் முறை 38 வாங்கி நின்றேன், அந்த ஒரு வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததே எனக்குப் பெரிய உதவி. வீட்டில் பின்னிச் சமர்ப்பிப்பது, மூன்று மணி நேரம் தேர்வு ஹாலில் பின்னுவது, அப்புறம் வாய்மொழித் தேர்வு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சாம்பிளை, அதாவது அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டை, துவைக்காமல் அளக்காதீர்கள். துவைத்தால் மட்டும் போதாது, தொங்கவிட்டு அப்புறம் அளங்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்க நேரம் இல்லையென்றால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் முறை நடந்தது இதுதான். குன்னூரில் பகலில் வெயில், சாயங்காலம் குளிர், அதற்குத் தோதாக இருக்கும் என்று 4 பிளை (மெல்லிய ரகம்) பருத்தி நூலில் அரைக்கை ஸ்வெட்டர் எடுத்தேன். 10ஆம் நம்பர் ஊசி, அதாவது 3.25 மி.மீ. சாம்பிள் பின்னி, ஊசியிலிருந்து இறக்கிய சூட்டிலேயே அளந்தேன்: 10 செ.மீ.க்கு குறுக்கே 28 கண்ணி (ஊசியில் விழும் வளையம்), நெடுக்கே 36 வரிசை. புத்தகத்தில் போட்டிருப்பது போலவே வந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு. உயரம் 54 செ.மீ. வேண்டும், அதற்கு 194 வரிசை என்று கணக்குப் போட்டுப் பின்னி முடித்தேன். துவைத்த பிறகே சமர்ப்பிக்க வேண்டும் என்பதால் முந்தின நாள் மாலை அலசினேன். வெளியே பனிமூட்டம், அதனால் அடுப்படிக் கொடியில் போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் ஸ்வெட்டர் நீண்டு தொங்குகிறது, கீழ் ரிப் (இழுபடும் விளிம்புப் பட்டை) அலை அலையாக விரிந்து கிடக்கிறது, அக்குளுக்குக் கீழே பை போலத் துணி சேர்ந்திருக்கிறது. டேப் வைத்தேன், 59.

ஹாலில் தேர்வாளர் அதை மேசையில் விரித்து, டேப்பை வைத்து, என் ரெக்கார்டில் இருந்த 54ஐப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் வகுப்பில் சாம்பிள் என்றால் பின்னி, ரெக்கார்டில் ஒட்டி, கையெழுத்து வாங்குவது, அவ்வளவுதான். துவைத்துப் பாருங்கள் என்று ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

கம்பளி நூலுக்கு இயல்பிலேயே சுருள் உண்டு, இழுத்து விட்டால் ஓரளவு திரும்பி வரும். பருத்திக்கு அது கிடையாது. தண்ணீரையும் நிறையக் குடிக்கும், அந்தக் கனத்தில் இறங்கினால் இறங்கியதுதான். அக்ரிலிக்கில் பின்னுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் லேசான அரைக்கை ஸ்வெட்டர் என்றால் நம்மில் பாதிப் பேர் பருத்தியைத்தான் எடுக்கிறோம்.

இரண்டாவது முறை செய்தது:

- சாம்பிள் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். 10க்கு 10 போதாது, ஓரம் சுருண்டுவிடும்.
- ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அதே மாதிரி துவைக்க வேண்டும்.
- காய்ந்ததும் மேல் ஓரத்தைக் கொடியில் பிடித்து, கீழ் ஓரத்தில் நான்கு மரக் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். முழு ஸ்வெட்டரின் கனம் சின்னத் துண்டுக்கு இருக்காது, அதற்குத்தான் கிளிப்.
- நடுவில் மூன்று இடத்தில் எண்ண வேண்டும், ஓரத்தில் எண்ணக் கூடாது.

கண்ணி 28லேயே நின்றது. வரிசைதான் 36இலிருந்து 33 ஆகிவிட்டது. அப்படியென்றால் 54 செ.மீ.க்கு 178 வரிசை போதும், முதல் முறை 16 வரிசை கூடுதலாகப் பின்னியிருக்கிறேன். மார்புச் சுற்று 92, பாதி 46, அதற்கு 130 கண்ணி, அதில் மாற்றமில்லை. முடித்தபின் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் தட்டையாக விரித்து உலர்த்தினேன். 53.5 வந்தது. அரை செ.மீ. குறைவுக்கு யாரும் மார்க் வெட்டவில்லை.

இந்த 33, கை வைக்கும் இடத்திலும் வந்து நிற்கும். தோள் இறங்கிய மாதிரியில், அதாவது கையை உடம்பிலிருந்தே நேராகப் பின்னும் மாதிரியில், கைக்குழி ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது நான்கு வரிசைக்கு மூன்று என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 28க்கு 36 என்றால் அது ஏறக்குறையச் சரி. 28க்கு 33 என்றால் ஆறு வரிசைக்கு ஐந்து எடுக்க வேண்டும். நான்குக்கு மூன்றே எடுத்தால் தோள் ஓரம் சுருங்கி இழுக்கும். குழியில் பொருத்தித் தைக்கும் கையை நான் தொடவே இல்லை. எனக்குப் பதற்றம் அதிகம், கைமேட்டின் (கையின் மேல் முனை) வளைவு ஒரு வரிசை பிசகினாலும் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். உங்களுக்குத் தைரியம் இருந்தால் செய்யுங்கள்.

வேகமாகச் சில:
- நூல் 300 கிராம் ஆனது. ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவை சாயம் போட்டது) ஒரேயடியாக வாங்குங்கள்.
- ரிப்புக்கு 12ஆம் நம்பர் ஊசி (நம்பர் கூடினால் ஊசி மெல்லியது).
- புது உருண்டையை வரிசை ஓரத்தில் சேருங்கள், நடுவில் வேண்டாம். திருப்பிப் பார்ப்பார்கள்.
- கழுத்தை முடிக்கும்போது 10ஆம் நம்பர் ஊசியால் தளர்வாக முடியுங்கள். தலை நுழையாமல் இரண்டு பேருக்கு மார்க் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

இனி ஹால். 15 செ.மீ. துண்டுக்கு 42 கண்ணி ஏற்றினேன். நான்கு செ.மீ. பின்னியதும் அளந்தேன், அகலம் 13.5தான். வீட்டில் 28 வரும் கைக்கு ஹாலில் 31 வருகிறது! நூலை விரலில் எவ்வளவு இறுக்கிச் சுற்றியிருக்கிறேன் என்பது சுண்டுவிரலில் விழுந்த சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிரித்துவிட்டு, கொஞ்சம் தடிமனான 9ஆம் நம்பர் ஊசியில் மறுபடி ஏற்றினேன். 25 நிமிடம் போனது, ஆனாலும் நேரத்துக்குள் முடித்தேன். எனவே ஒரு நம்பர் மேலே, ஒரு நம்பர் கீழே ஊசி கையில் இருக்கட்டும், நான்காவது செ.மீ.இல் நின்று அளங்கள். முடிந்தால் வீட்டில் கடிகாரம் வைத்து, யாரையாவது எதிரில் உட்காரச் சொல்லி ஒரு முறை பின்னிப் பாருங்கள். நான் என் சித்தியை உட்கார வைத்தும் கை இறுகவில்லை, ஹாலில்தான் இறுகியது. அதனால் டேப்பைத்தான் நம்பச் சொல்வேன்.

வாய்மொழியில் வந்த முதல் கேள்வியே, "ஏன் 33 வரிசை?" என்பதுதான். ரெக்கார்டில் சாம்பிளை ஒட்டாமல் மேல் ஓரத்தில் மட்டும் நான்கு தையல் போட்டு வைத்திருந்தேன், கீழே கிளிப் கடித்த தடம் அப்படியே இருந்தது. தேர்வாளர் அதைத் தூக்கி, விரலால் கீழே இழுத்து, விட்டுப் பார்த்தார். எத்தனை கிளிப் என்று கேட்டார், நான்கு என்றேன், எழுதிக்கொண்டார். நீங்களும் ஒட்டாதீர்கள், தையலே போடுங்கள், துவைப்பதற்கு முன்னால் எடுத்த அளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.