முந்திரிகைப் பந்தலும் ஒரு முசார் போத்தலும்

போன கிழமை லண்டனிலிருந்து அண்ணா வந்திருந்தார், பெரியம்மாவின் மூத்த மகன். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் பையைத் திறந்தால், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் பழைய சாரமொன்றில் சுற்றிய வைன் போத்தல். சாட்டோ முசார், லெபனான், 2017. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, சாராயக் கடையெல்லாம் பூட்டு, அதனால் வரவேற்புக் கொஞ்சம் கூடத்தான்.

"பிளெண்ட்" என்றார் அண்ணா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்கே சாராயம் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், தென்னஞ்சாராயத்தோடு வேறு மலிவு ஸ்பிரிட்டைச் சேர்த்து விற்பதற்குத்தான் அந்தப் பெயர். தமிழிலும் கலப்பு என்று தொடங்கினால் வாய் தானாகக் கலப்படத்தில் போய் நிற்கும். இது அப்படியில்லை. கபர்னே சோவின்யோன், சான்சோ, கரிஞான் என்று மூன்று இனத் திராட்சை, எங்கள் ஊர்ப் பேச்சில் முந்திரிகை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சீமெந்துத் தொட்டியில் நொதிக்கவிட்டு, ஓக் பீப்பாயில் ஒரு வருடம் வைத்து, மூன்றாம் வருடத்தில்தான் ஒன்றுசேர்க்கிறார்கள். எதில் எவ்வளவு என்பது அந்த வருடத்துப் பழத்தைப் பொறுத்தது. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பெரியம்மாவைக் கேட்டால் "புளியைப் பார்த்துத்தான்" என்பார், அதே கணக்கு. அதற்குப் பிறகும் போத்தலில் படுக்கவைத்து, பழம் பறித்து ஏழாம் வருடம்தான் வெளியே விடுகிறார்கள்.

ஆனால் அண்ணா இதைச் சுமந்துகொண்டு வந்தது அதற்காக இல்லை. முசார் 1930இல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கியது, 1959இலிருந்து மகன் செர்ஜ் வைன் செய்தார், இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான். தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில், வைன் செய்யும் இடம் மலைக்குக் கடற்கரைப் பக்கம் கஜீரில். 1975இல் லெபனானில் உள்நாட்டுச் சண்டை தொடங்கியதும் நடுவில் போர்முனை. லொறியில் பழத்தை ஏற்றிச் சோதனைச் சாவடி சாவடியாகக் கடந்து கொண்டுவந்திருக்கிறார்கள், பதினைந்து வருடம். 1976இல் மட்டும் வைனே இல்லை. 1984இல் பாதைகள் அடைபட்டு, லொறியிலேயே பழம் புளிக்கத் தொடங்கிவிட்டதாம்.

அண்ணா இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பெரியப்பாவுக்குப் பத்துப் பரப்பு முந்திரிகைப் பந்தல். கவாத்துப் பண்ணி நாலு மாதத்தில் குலை முற்றும், கொழும்புக்கு லொறி ஏற்றுவார். 1990இல் சண்டையில் யாழ்தேவி ரயிலும் நின்று ஏ-9 வீதியும் பூட்டப்பட்ட பிறகு, ஊருக்குள்ளேயே யார் வாங்குவது? விற்றது போக மிச்சம் பந்தலில் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது, குளவி மொய்க்க. எனக்கு அப்போது எட்டு வயது, அந்த வாசம் இன்னும் நினைவிருக்கிறது. அவருக்கு வைன் செய்யத் தெரியாது. தோலகட்டிக் கத்தோலிக்க மடத்தில் செய்கிறார்கள் என்று தெரியும், அது சுவாமிமாரின் வேலை என்று விட்டுவிட்டார். லெபனான்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் துணிச்சலில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது: அவர்களின் பழம் லொறியை விட்டு இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் காத்திருக்கும், இவருடையது ஒரு கிழமை தாங்காது.

சரி, ருசிக்கு வருகிறேன். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடி என்கிறார்கள், அது குளிர் நாட்டு அறை. நம் வீட்டு அறையில் கஷாயம் மாதிரி இருக்கும், அதனால் இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்தோம். நிறம் மெல்லிய செங்கல். உலர்ந்த பேரீச்சை, கொஞ்சம் தோல் செருப்பு, பின்னால் ஒரு கூர்மையான புளிப்பு. பெரியம்மா மணந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது காடியாப் போட்டுது" என்றார். முசாருக்கே அந்தக் காடி வாசம் லேசாக உண்டு, அதைக் குறை என்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் அழகு என்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் கிளாஸில் நான் பெரியம்மா பக்கம், அரை மணி கழித்து அண்ணா பக்கம். சூடை மீன் பொரியலோடு சரியாகவே போனது.

அடியில் மண்டி ஒரு விரல் அளவு நின்றது. பெரியம்மா அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், நல்லெண்ணெய் விடலாமாம்.