அலைன்மென்ட் பார்த்தும் இடப்பக்கமே இழுத்த கார்

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில், "ஒரு அலைன்மென்ட் பாத்துருங்க". சக்கரங்கள் நிற்கும் கோணங்களை மெஷினில் அளந்து சரிசெய்வதுதான் அது. பார்த்தாயிற்று. திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தது, அச்சிட்ட தாளும் கையில் கொடுத்தார்கள். ஆனால் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது விராலிமலை தாண்டியதுமே வண்டி மறுபடி இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. துவரங்குறிச்சி வருவதற்குள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தச் சாலையின் இடது ஓரத்தில் டூவீலர்கள் போகும், ஊர் வரும் இடங்களில் ஆட்கள் நடந்து வருவார்கள். பொறுத்துக்கொண்டு ஓட்டக்கூடிய கோளாறு இல்லை இது.

என்னுடையது 11 வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். இதன் காரணத்தைக் கண்டுபிடித்த விதத்தை விரிவாக எழுதுகிறேன். இதே தொல்லைக்குப் பலர் டயர், காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பதைப் பார்க்கிறேன்.

எங்கள் பகுதியில் நாற்பது வருஷமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. "எப்ப இழுக்குது சார்? கிளம்பினதுமேவா, கொஞ்ச தூரம் போன பிறகா? பிரேக் மிதிக்கிறப்பவா, கால எடுத்த பிறகா? ஆக்ஸிலேட்டர் கொடுக்கிறப்ப மட்டுமா?" என்று கேட்டார். அப்புறம் இன்னொரு கேள்வி: "ஸ்டியரிங் கோணலா நின்னு வண்டி நேரா போகுதா, இல்ல ஸ்டியரிங் நேரா இருந்தும் வண்டி ஒதுங்குதா?"

இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஸ்டியரிங் கோணலாக நின்றாலும் வண்டி நேராகப் போனால் அது பெரும்பாலும் டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் இழுத்தால் என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக், இல்லையென்றால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. என் வண்டி காலையில் எடுக்கும்போது ஒழுங்காகத்தான் போகும். ஓட ஓட இழுப்பு கூடும். பிரேக்கை மிதித்த நொடியில் லேசாக வலப்பக்கம் திரும்பும், காலை எடுத்த பிறகு இடப்பக்கம். இதைச் சொன்னதுமே அண்ணனுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அவர் ஒன்றைக்கூடத் தாண்டிப் போகவில்லை.

முதலில் சாலை. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலைக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் நல்ல வண்டிகூட மெல்ல இடது ஓரத்துக்குத்தான் போகும். சமதளமான காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, கையைத் தளர்வாக வைத்துப் பார்த்தோம். நெடுஞ்சாலையில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மைதானத்திலும் இழுத்தது. சரி, சாலை இல்லை.

அடுத்து காற்று. வண்டி ஓடாமல் இருக்கும் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. நான்கிலும் சரியாக இருந்தது.

பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். காகித டம்ளரைப் படுக்க வைத்து உருட்டினால் வட்டமடித்து ஓடும் அல்லவா, ரேடியல் டயருக்குள் இருக்கும் பெல்ட் கொஞ்சம் ஒருபக்கமாக அமைந்துவிட்டால் டயரும் அப்படித்தான். வெளியே பார்த்தால் புது டயராகவே தெரியும். டயரில் கோளாறு என்றால் இடம் மாற்றியதும் இழுப்பு எதிர்ப்பக்கம் போகும், அல்லது மறையும். என் வண்டி மாற்றிய பிறகும் இடப்பக்கமே இழுத்தது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை இப்படிப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம்தான் அந்த அலைன்மென்ட் தாளைக் கேட்டார். பச்சை, சிவப்பை விட்டுவிட்டு எண்களைப் படித்தார். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், மேல்பக்கம் வெளியே சாய்ந்தால் நேர்க்குறி. அது அதிகமாக நேர்க்குறியில் இருக்கும் பக்கத்துக்கு வண்டி இழுக்கும். காஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம். அது குறைவாக இருக்கும் பக்கத்துக்கு இழுக்கும். இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். என் தாளில் அவ்வளவு இல்லை. அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் முன் சக்கரத்தில் டோ ஒன்றைத்தான் திருகி மாற்ற முடியும். கேம்பரையும் காஸ்டரையும் அளக்கலாம், மாற்ற வழி இருக்காது. அவை தப்பாக இருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு எண்களும் உள்ள தாளையே கடையில் கேட்டு வாங்குங்கள்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். வழியில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், நிறுத்தும்போதும் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்த வேண்டும். திரும்பி வந்ததும் வெப்பமானித் துப்பாக்கியால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் முன் பிரேக் டிஸ்க் இரண்டையும் பார்த்தார். வலது 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இடது 150 டிகிரியைத் தாண்டியிருந்தது. கிட்டே போனாலே கருகிய வாடை. அந்த ரிம் மட்டும் ஏன் எப்போதும் கறுப்புத் தூளாக இருந்தது, மைலேஜ் ஏன் குறைந்தது என்பதெல்லாம் அப்போது புரிந்தது. இடது பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பிரேக் ஜாம்" என்று கண்டுபிடித்ததும் பல இடங்களில் காலிப்பரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். அண்ணன் அங்கேயும் நிற்கவில்லை. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார். என்னை சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை ஒருமுறை மிதித்து விடச் சொன்னார். வலது சக்கரம் கையால் தள்ளினால் சுற்றியது. இடதைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. காலிப்பரில் ஆயிலை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் பிளீடர் நிப்பிளில் சின்ன டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திறந்தார். பிரேக் ஆயில் ஒரே பீச்சாகப் பாட்டிலுக்குள் அடித்தது. அவ்வளவுதான், சக்கரம் சுதந்திரமாகச் சுற்றியது.

அந்தப் பீச்சில்தான் விடை இருந்தது. காலிப்பருக்குள் பேடை (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) அழுத்தும் பிஸ்டன் துருப்பிடித்திருந்தாலோ, காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகியிருந்தாலோ நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்திருக்கும். இங்கே உள்ளே அழுத்தம் தங்கி நிற்கிறது. மிதிக்கும்போது போகும் ஆயில் காலை எடுத்தபின் திரும்பவில்லை. எங்கே தடுக்கிறது? மறுபடி பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். இந்தமுறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்தினார். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, சக்கரம் அசையவில்லை. கீழே நிப்பிளைத் திறந்ததும் பீச்சியடித்துச் சக்கரம் விட்டது. அப்படியானால் பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறில்லை, காலிப்பரிலும் இல்லை. நடுவில் இருக்கும் ஹோஸ்தான்.

கழற்றிய ஹோஸை வெளியே பார்த்தால் வெடிப்புகூட இல்லை. அண்ணன் அதை பிளேடால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். ஹோஸைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கிளிப்புக்கு உள்பக்கம் துரு பெருத்து ரப்பரை நெரித்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் துளை கிட்டத்தட்ட மூடியிருந்தது. மிதிக்கும் விசைக்கு ஆயில் எப்படியோ நுழைந்துவிடும், திரும்பி வர விசை இல்லை. மிதித்ததும் இடது பிரேக் தாமதமாகப் பிடித்ததால்தான் வண்டி முதலில் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. இவ்வளவு நாள் புரியாமல் இருந்த அந்தச் சின்ன ஆட்டத்துக்கும் விளக்கம் கிடைத்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது.

முன் ஹோஸ் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒரே வயது என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. இடது பேட் 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வலது பாதிக்கு மேல் இருந்தது. பேடும் இரண்டு பக்கமும் புதிது. இடது டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலும் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாததால் வைத்துக்கொண்டோம். காலிப்பர் பின்களுக்குப் பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பழைய பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் உள்ளே துருப்பிடிக்கும், கொதிநிலையும் இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ ஆயில் வகை போட்டிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள். பெயின்ட் மேல் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஹோஸ் இரண்டும் சேர்ந்து புது காலிப்பர் ஒன்றின் விலையில் பாதிகூட வரவில்லை. அதே சாலையில் மேலூர் வரைக்கும் ஓட்டி நிறுத்தி டிஸ்க்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடு. சரிவான இடங்களில் இன்னமும் மெல்ல இடது ஓரத்துக்குப் போகிறது. அது சாலையின் சரிவு, அதற்கு வைத்தியம் வேண்டாம். பின் சக்கரங்களுக்குப் போகும் ஹோஸ்களுக்கும் அதே 11 வயதுதான். அடுத்த மாத சர்வீஸில் அவற்றையும் மாற்ற அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.