அப்புச்சியோட அம்பாசிடர், 1/35 அளவுல: பஞ்சோட மல்லுக்கட்டுன கதை

மூணாவது தடவையும் பெயிண்ட்ட உரிக்கப் போட்டது ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல பிரேக் ஆயில ஊத்தி, நான் செஞ்சுட்டிருக்கற பொம்மை அம்பாசிடரோட பாடிய முழுசா முக்கி மூடி வெச்சுட்டுத் திரும்புனா ஊட்டுக்காரம்மா நின்னு பாத்துட்டு இருக்காங்க. "ஏனுங்க, ஊறுகா போட்டுட்டீங்களாக்கும்?" அவ்ளோதான் கேட்டாங்க. பதிலே சொல்லலை, என்னத்தச் சொல்றது, ஆனி மாசம் ஆரம்பிச்ச வண்டி அது.

நமக்குத் திருப்பூருங்க, பனியன் கம்பெனில செக்கிங் செக்ஷன். இதுக்கு முன்னாடி ரெண்டு டாமியா கிட்டு (பாகம் பாகமா வாங்கி ஒட்டற மாடல்) முடிச்சிருக்கேன், ரெண்டுமே 1/24, அதாவது நெஜ வண்டில 24ல ஒரு பங்கு, ஜப்பான் கார். அதெல்லாம் சமைச்சு வெச்ச சோத்தப் போட்டுச் சாப்புடற மாதிரி, பாகம் எல்லாம் கிச்சுனு உக்காரும், படத்தப் பாத்துப் பாத்து ஒட்டுனாப் போதும். முடிச்சு செல்ஃப்ல வெச்சா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் காருல நானும் ஏறுனதில்ல எங்க ஊர்ல ஒருத்தரும் ஏறுனதில்ல. எங்க அப்புச்சிகிட்ட, அதாவது அம்மாவோட அப்பாகிட்ட, காங்கேயத்துப் பக்கம் தோட்டத்துல ஒரு அம்பாசிடர் இருந்துச்சு, மார்க் 2. ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு அந்த வண்டிதான் போகும். அதைச் செஞ்சு பாக்கோணும்னு ஒரு கெரகம் புடிச்சுக்குச்சு.

அம்பாசிடருக்கு கிட்டு தேடுனேன், எனக்குக் கிடைக்கலை. சரின்னு கடைவீதில பசங்க வெளையாடற, பின்னால இழுத்து விட்டா ஓடற புல்பேக் அம்பாசிடர் ஒண்ணு 250 ரூவாய்க்கு வாங்கிட்டேன். டப்பால ஸ்கேல் எல்லாம் எதுவும் போடலை. நாமதான் கண்டுபுடிக்கோணும். எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஷெட்டுல ஒரு அம்பாசிடர் செங்கல் மேல நிக்குது, ஒரு ஞாயித்துக்கெழமை டேப்ப எடுத்துட்டுப் போய் முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் அளந்தேன், 97 இஞ்ச், அதாவது 2464 மில்லி. இது இங்கிலாந்துக் காரு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 அளவேதான், அந்த வண்டிய வெச்சுத்தான ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்காரங்க வங்காளத்துல உத்தர்பாராவுல இதைச் செஞ்சாங்க, 1950கள் கடைசில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் அதே ஒடம்புதான், மூஞ்சி மட்டும் அப்பப்ப மாறுச்சு. பொம்மைல அதே அளவு 70 மில்லி. வகுத்தா 35. ராணுவ டாங்கி எல்லாம் செய்வாங்களே, அந்த ஸ்கேலு.

ஆனா பொம்மை செஞ்சவங்க எல்லாப் பக்கமும் ஒரே கணக்குல சுருக்கறதில்லீங்க. 1/35ன்னா நீளம் 123 மில்லிக்கு மேல வரோணும், பொம்மை 116தான், டிக்கிய வெட்டிட்டாங்க. உசரமும் ஜாஸ்தி, ஏன்னா அடியில அந்த ஸ்பிரிங் மோட்டார் உக்கார எடம் வேணுமில்ல, அதனால வண்டி நாட்டுக் கோழியாட்டம் கால நீட்டிட்டு நிக்குது. மோட்டாரக் கழட்டி வீசிட்டு அச்சுக்கு புதுசா ஓட்டை போட்டு ரெண்டு மில்லி எறக்குனேன், அப்பவே பாதி அம்பாசிடர் ஆயிருச்சு. டிக்கிய நீட்டற அளவுக்குத் தைரியம் வரலை, அது குட்டையாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன், தெரிஞ்சவங்க பாத்தாக் கண்டுபுடிச்சுருவாங்க.

பாடில பிளாஸ்டிக் வார்த்த அச்சோட கோடு கையில தட்டுப்படுது, கூரைல ரெண்டு எடத்துல குழி. பட்டி பாத்து, வாட்டர் பேப்பர் 400, 600, 1000னு தேச்சு எறக்குனேன். இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, டிவி பாத்துட்டே தேய்க்கலாம், என்ன கையில தோலு உரியும்.

இங்க ஒரு தப்பு பண்ணுனேன். பெரிய வண்டிக்கு பெயிண்ட் அடிக்கிற டிங்கரிங் ஷாப் அண்ணன் ஒருத்தரு, "கொண்டா கண்ணு, மிச்ச பெயிண்ட்லயே அடிச்சுத் தர்றேன், அஞ்சு நிமிஷம்"னாரு. அஞ்சு நிமிஷத்துலயே அடிச்சுக் குடுத்தாரு, அதுல ஒண்ணும் குத்தமில்ல. காஞ்சதுக்கப்பறம் பாத்தா கூரை முழுக்க காஞ்ச கொளத்து மண்ணு மாதிரி வெடிப்பு. என்.சி. தின்னரு தகரத்துக்கு ஒண்ணும் பண்ணாது, பிளாஸ்டிக்க அரிச்சுரும். அவரும் தலையச் சொறிஞ்சுட்டு "நான் தகரம்னே நெனச்சு ஈரமா அடிச்சுட்டேன்"னாரு. நான்தான் சொல்லியிருக்கோணும். அதுக்கப்பறம் நானே சின்ன கம்ப்ரெஸர், பெயிண்ட்டத் தூவற 0.3 நாசில் ஏர்பிரஷ்ஷு, மாடலுக்குன்னே விக்கிற லாக்கர் பெயிண்ட்டுன்னு வாங்கிட்டேன். முதல் ரெண்டு கோட்டு பனி புடிச்ச மாதிரி லேசாத் தூவோணும், அது காஞ்சப்பறம்தான் ஈரமா ஒரு கோட்டு. பிளாஸ்டிக்க நேரா தின்னர்ல நனைக்காம இருந்தா வெடிப்பு வராது.

கலரு என்னன்னு ஒரு பஞ்சாயத்து. ஃபோட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. அம்மா வெள்ளைனு அடிச்சுச் சொல்றாங்க, மாமன் "அது எங்க வெள்ளை, சந்தனக் கலரு"ங்கறாரு. அம்மாயிகிட்ட, அதாவது அம்மாவோட அம்மாகிட்ட, கேட்டா "வண்டி கலருல இருந்துச்சு சாமி"ங்குது. கடைசில எங்க கெடச்சதுன்னா, வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டப்ப ஒரு பின் கதவ மட்டும் கழட்டி கோழி அடைக்கிற கொட்டாய்க்கு வெச்சிருந்திருக்காங்க, இன்னும் அங்கேயேதான் இருக்குது. ஒரு ஓரத்துல வாட்டர் பேப்பரத் தண்ணி தொட்டுத் தேச்சேன், மேல வெள்ளை, அதுக்குக் கீழ சந்தனம், அதுக்கும் கீழ செவப்பு பிரைமர். ரெண்டு பேரும் சரிதான், நடுவுல எப்பவோ பெயிண்ட் மாத்தியிருக்காங்க. கல்யாணத்துக்குப் போன காலம் சந்தனக் காலம்னு மாமன் சத்தியம் பண்றாரு, அதையே வெச்சுக்கிட்டேன். அந்தக் கலரையும் அப்படியே அடிக்கக் கூடாதுங்க, சின்ன வண்டில அதே கலரு இன்னும் அழுத்தமாத் தெரியும், ரெண்டு சொட்டு வெள்ளையக் கலந்து வெளுக்க வெச்சாத்தான் கண்ணுக்குப் பெரிய வண்டி மாதிரி படும்.

இப்ப பஞ்சு கதைக்கு வர்றேன். ஆடி மாசம் ரெண்டாவது தடவை அடிச்சேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆடில எப்புடி இருக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லோணுமா? ஜன்னல எல்லாம் சாத்திட்டுத்தான் அடிச்சேன். ஆனா எங்க தெருவுல நாலு நிட்டிங் மெஷின் பொழுதுக்கும் ஓடுது, நான் வேலை செய்யறதும் பனியன் கம்பெனி, என் தலைமுடி, சட்டை, செருப்பு எல்லாத்துலயும் பஞ்சு. பிளாஸ்டிக்க துணி போட்டுத் தொடைக்கத் தொடைக்க அதுல கரண்ட் ஏறி சுத்தியிருக்கற பஞ்ச எல்லாம் இழுத்துக்கும். மேல பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட்டு அடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா வண்டி முழுக்க முடி மொளைச்சிருக்கு, வண்டியா பூனைக்குட்டியான்னு தெரியலை. தேச்சுப் பாத்தேன், கலரு வரைக்கும் எறங்கிருச்சு, உரிச்சுட்டேன்.

அதுக்கப்பறம் பாத்ரூம்தான் பெயிண்ட் ஷாப். மொதல்ல பக்கெட்டு தண்ணிய செவுரு, தரை எல்லாம் ஊத்தி விட்டு அரை மணி நேரம் கதவச் சாத்திரோணும், பறக்கற தூசி எல்லாம் ஈரத்துல படிஞ்சுரும். பாடிய துணில தொடைக்காம தண்ணில கழுவி அப்படியே கவுத்துக் காய விடோணும். காட்டன் பனியன் போடவே கூடாது, அதுவே பஞ்ச உதுக்கும். நான் மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு அடிச்சேன், அதோட மூஞ்சில பெயிண்ட் மாஸ்க்கு வேற. ஊரே பனியன் செஞ்சு ஒலகத்துக்கு அனுப்புது, பாத்ரூமுக்குள்ள ஒருத்தன் பனியன் போடப் பயந்துட்டு மழைக்கோட்டோட நிக்கறான்.

பஞ்சு போச்சு, மழை வந்துச்சு. ஐப்பசில அடிச்சப்ப பெயிண்ட்டு காயக் காய மேல வெள்ளையாப் பூத்துக்கிச்சு. தின்னரு வேகமா ஆவியாகறப்ப மேல்பரப்பு ஜில்லுனு ஆயிரும், காத்துல இருக்கற ஈரம் அதுல படிஞ்சுரும், அதான் பூக்குது. நானே தரையெல்லாம் தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், வெளியிலயும் மழை, பின்ன பூக்காம என்ன பண்ணும். அப்பத்தான் அந்த ஊறுகா டப்பா. ரெண்டு நாள் ஊறவிட்டு கையுறை மாட்டிக்கிட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா எல்லாம் தோலு தோலா வந்துருச்சு, சோப்புத் தண்ணில நல்லாக் கழுவிட்டேன்.

மழை முடியற வரைக்கும் பெயிண்ட் பக்கமே போகலை, உள் வேலையப் பாத்தேன். நெஜத்தச் சொல்லோணும்னா இந்த ரெண்டு மாசந்தான் சொகமா இருந்துச்சு. பானெட்ட தெறக்கற மாதிரி வெட்டுனேன், பிளேடோட முதுகால கோட்டு மேலயே கீறிக் கீறி ஒரு ராத்திரி ஆச்சு. உள்ள 1489 சிசி பெட்ரோல் இன்ஜின பிளாஸ்டிக் ஷீட்டு, மிச்சம் மீதி கிட்டுக் கம்பி எல்லாம் வெச்சுக் கட்டுனேன். நாலு சிலிண்டரு, அதனால பிளக்குக்கு நாலு வயரு, காயிலுக்கு ஒண்ணு. நெஜ பிளக் வயரு ஏழு மில்லி கனம், 35ஆல வகுத்தா 0.2 மில்லி. இந்த சைஸ்ல வயரு எங்க வாங்கறதுன்னு நெட்டுல தேடிட்டு இருந்தேன், ஒரு சின்ன பாக்கெட்டு என்ன வெல சொல்றாங்கன்னு பாத்து மூடி வெச்சுட்டேன். அப்பறம் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்குப் போனப்பத்தான் மண்டைல ஒறைச்சுது. "அண்ணா, 36 கேஜ் ஒரு மீட்டர் இருக்குங்களா?" 36 கேஜ்ங்கறது 0.19 மில்லி. அவரு மேலயும் கீழயும் பாத்துட்டு "ஒரு மீட்டர்ல என்ன மோட்டாருங்க கட்டறீங்க?"ன்னாரு. வண்டி ஃபோட்டோவ போன்ல காட்டுனேன், காசு வாங்கலை, பத்து மீட்டரு சுத்திக் குடுத்துட்டாரு. கோயமுத்தூரு, திருப்பூரு பக்கம் மோட்டாரு ரீவைண்டிங் கடை இல்லாத தெரு ஏது, கண்ணு முன்னாடியே இருந்திருக்கு.

சீட்டுலதான் என் தொழில் புத்தி ஏமாத்திருச்சு. துணிதான நமக்குத் தெரிஞ்சதுன்னு நல்ல மெல்லிசு சிங்கிள் ஜெர்சி (பனியன்) துணிய வெட்டி சீட்டு மேல ஒட்டுனேன், பாத்தா கயித்துக் கட்டில் மாதிரி இருக்கு. கணக்குப் போட்டா தெரியுது, அரை மில்லி லூப்பு 35 மடங்கு ஆனா பதினேழு மில்லி, அப்புடி நூல்ல எவன் சீட்டுக்கவரு போடுவான். பிச்சுப் போட்டுட்டு மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்ப ஒட்டி பெயிண்ட் அடிச்சேன், அச்சு அசல் ரெக்சின். முன்னாடியும் நீள சீட்டு, கியரு ஸ்டேரிங் பக்கத்துல, அந்த கியருக் கம்பிக்கு குண்டூசி. தரைக்கு பிரிண்டிங் யூனிட்ல இருந்து ஃப்ளாக் பொடி மெரூன் கலர்ல ஒரு ஸ்பூன் வாங்கிட்டு வந்தேன், டீசர்ட்டுல வெல்வெட் மாதிரி பிரிண்ட் வருமே, அதுக்குப் போடற பொடி. ஃபெவிகாலத் தண்ணி கலந்து தடவி, டீ வடிகட்டியில பொடியத் தூவி, காஞ்சதும் கவுத்துத் தட்டுனா கார்ப்பெட். கொஞ்சம் ஆட்டுத்தோலு மாதிரி இருக்கு, பரவால்ல, கதவச் சாத்துனாத் தெரியாது.

கண்ணாடிய சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீங்க, ஆவி பட்டு பனி மூடுன மாதிரி ஆயிரும். ஃபெவிகால் போதும், காஞ்சா ஒண்ணுமே தெரியாது. ஹெட்லைட்டு ஏழு இஞ்ச், நம்ம ஸ்கேல்ல அஞ்சு மில்லி. பேப்பருக்கு ஓட்டை போடற பஞ்சிங் மெஷின்ல சாக்லேட் சுத்துன வெள்ளித்தாள வெட்டி, மேல அரால்டைட் ஒரு சொட்டு வெச்சா தானா குமிழ் மாதிரி நிக்குது.

பெயிண்ட்டு நாலாவது தடவை, மார்கழி முடியற சமயம், மத்தியானம் வெய்யில்ல. தரைல தண்ணி கொஞ்சமா, மழைக்கோட்டோட. புடிச்சுருச்சுங்க. ரெண்டு வாரம் தொடவே இல்ல. அப்பறம் 2000 பேப்பர்ல தேச்சு பாலிஷ் போட்டேன். கதவு இடுக்குல கறுப்புக் கோடு விடறது பொம்மைத்தனமாப் போயிரும், சந்தன வண்டிக்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த தண்ணி பெயிண்ட்டு விட்டா நெஜ இடுக்கு நெழலு மாதிரி இருக்கு. பம்பரு, கிரில்லு, ஜன்னல் ஓரம் எல்லாம் குரோம் பேனா, அதைக் கிளியர் கோட்டுக்கு அப்பறம்தான் போடோணும், முன்னாடி போட்டா பளபளப்பு செத்து அலுமினியச் சட்டி கலரு ஆயிரும். நம்பர் பிளேட்டு கறுப்புல வெள்ளை எழுத்து, அந்தக் காலத்துச் சொந்த வண்டிக்கு அப்படித்தான்.

இப்ப செல்ஃப்ல இருக்கு. வைப்பரு ரெண்டும் இன்னும் செய்யலை, அதே 36 கேஜ் கம்பிலதான் வளைக்கோணும். பின்னாடி டிக்கி கைப்புடி ஒரு தடவை பறந்து காணாமப் போயிருச்சு, வேற செஞ்சாச்சு. பானெட்டுல, இடது பக்கம், கிளியர் கோட்டுக்கு அடியில ஒரே ஒரு பஞ்சு மாட்டிக்கிச்சு. நேவி ப்ளூ. அந்த வாரம் செக்கிங்ல என் டேபிள்ல ஓடுனது நேவி ப்ளூ போலோ ஆர்டரு. நாலாவது தடவை உரிக்கப் போறதில்ல.