கையைக் காட்டிவிட்டு வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கீழே, பெண்ணுறுப்பைச் சுற்றின தோலில் வந்த நோயைப் பற்றியது. கூச்சப்படுகிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். நானும் கூச்சப்பட்டுத்தான் மூன்று வருடத்தைத் தொலைத்தேன். நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். அந்தப் பெயர் என் காதில் விழுந்ததே போன வருடம்தான்.

எனக்கு 53 வயது. ஏற்காட்டில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறோம். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து அரிப்பு ஆரம்பித்தது. பகலில் ஆள் வருவதும் போவதுமாகத் தெரியாது, ராத்திரி படுத்தால்தான் பேய் பிடித்த மாதிரி வரும். தூக்கத்திலேயே சொறிந்து வைத்திருப்பேன், காலையில் ஒண்ணுக்குப் போனால் மிளகாய்த்தூள் பட்டது போல எரியும். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுப்பா" என்று கேட்டு, படைக்குப் போடுகிற கலவைக் களிம்பு வாங்கிப் போட்டேன். நாலு நாள் அடங்கும், விட்டால் திரும்ப வரும். எட்டு பத்து ட்யூப் அப்படியே ஓடியது.

சரி என்று சேலத்துக்கு இறங்கி ஒரு பெண் டாக்டரிடம் போனேன். "அங்க அரிக்குதுங்க, வெள்ளையா இருக்குதுங்க" என்றேன். நான் சொன்னது தோலை. அவர் எழுதிக்கொண்டது வெள்ளைப்படுதல். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பூஞ்சைக்கு ஒரு மாத்திரை, உள்ளே வைக்க ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இல்லை. "சுத்தமா வெச்சுக்கங்கம்மா" என்று வேறு சொல்லி அனுப்பினார். நான் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கிளம்பினேன் பாருங்கள், புண் கழுவுகிற மருந்தைச் சுடுதண்ணீரில் கலந்து தினம் இரண்டு வேளை, அதற்கு மேல் சோப்பு வேறு. தோல் வெடித்ததுதான் மிச்சம். வெடித்த தோலோடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் உட்கார்ந்து ஏறினால்தான் அந்த வேதனை தெரியும். அடுத்த தடவை போனபோதும் அதே மாத்திரைதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் கதையிலேயே கேவலமானது. தோல் டாக்டரைப் பார்க்கலாம் என்று காலை முதல் பஸ் பிடித்துப் போனேன். டோக்கன் எழுதுகிற பெண் நாற்பது பேருக்கு நடுவில், "என்ன பண்ணுதுங்க?" என்றாள். அரிப்பு என்றேன். "எங்கே?" என்றாள், தலையைத் தூக்காமல், நல்ல சத்தமாக. பக்கத்தில் என் மகன் வயசில் இரண்டு பையன்கள். வாய் தானாக "கையில" என்று சொல்லிவிட்டது. உள்ளே போனால் ஆண் டாக்டர், சீட்டில் 'கை' என்று எழுதியிருக்கிறது, அவரும் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிளகு காயவைத்து விரலெல்லாம் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. அதற்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்! பீஸ், பஸ் செலவு, ஒரு நாள் கடை அடைப்பு, எல்லாம் என் உள்ளங்கைக்கு.

இதை மருமகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தை, இத்தனை வருசத்துல ஒருத்தராவது அங்க திறந்து பாத்தாங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அவளே கூட வந்தாள். வேறொரு மகப்பேறு டாக்டர், வயதானவர். படுக்கச் சொல்லி, லைட்டைத் திருப்பினார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். என் உடம்பை நானே அப்போதுதான் பார்க்கிறேன். வெங்காயச் சருகு மாதிரி வெள்ளையாக, மெலிசாக, சுருங்கின தோல். முன்னாலிருந்து ஆசனவாய் வரை எட்டுப் போட்ட மாதிரி சுற்றி வந்திருந்தது. உள் உதடு இருந்த இடம் கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. "போனது திரும்பாதும்மா, மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். ஒட்டுவாரொட்டி இல்லை, வீட்டுக்காரரிடமிருந்து வந்ததும் இல்லை, வெண்குஷ்டமும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குகிற வகை என்றார். இது இருப்பவர்களில் சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருமாம், அதற்கும் ரத்தம் கொடுத்தேன்.

சந்தேகமில்லாமல் இருக்கட்டும் என்று துளி தோல் எடுத்தார்கள். மரக்க ஊசி போடுகிற அந்த ஒரு கணம் உயிர் போகும், அப்புறம் ஒன்றும் தெரியாது, ஒரு தையல். ஆனால் அந்தத் துளித் தோலைப் பாட்டிலில் போட்டு நம் கையிலேயே கொடுத்து, லேபில் கொடுத்துவிடுங்கள் என்கிறார்களே, அங்கேதான் வினை. நாங்கள் ஐந்து ரோடு பக்கம் தேடிக் கண்டுபிடித்துப் போனால், சீட்டில் எந்த இடத்துத் தோல் என்று எழுதவில்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை, வாங்கமாட்டோம் என்றார்கள். திரும்ப ஆட்டோ. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். தைத்த இடம் மரப்பு விட்டு விண்விண் என்கிறது, மடியில் பாட்டில், பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். பாட்டிலை வாங்கும்போதே பெயர், வயது, எந்த இடத்துத் தோல், கையெழுத்து நாலையும் சரிபார்த்துவிட்டு நகருங்கள். ரிசல்ட் பத்து நாளில் வந்தது, டாக்டர் சொன்னதேதான்.

மருந்து குளோபெட்டாசால் 0.05 சதவீதம், மேலே தடவுகிற ஸ்டீராய்டு வகை. க்ரீம் இல்லை, ஆயின்ட்மென்ட், வாசலின் மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். க்ரீம் அங்கே எரிச்சல் கொடுக்கலாம் என்று டாக்டர் அடிக்கோடு போட்டுத் தந்தும் மருந்துக்கடைப் பையன் க்ரீமைத்தான் நீட்டினான். இன்னொரு கடையில் அதே பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக் கூடுதலாக இருந்ததைக் கொடுத்தார்கள், அது பழைய கலவைக் களிம்புதான். மூன்றாவது கடையில்தான் சரியானது கிடைத்தது. முதல் மாதம் தினம் ராத்திரி, இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு நாள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினால் ஒரு வேளைக்குப் போதும்.

பத்தாம் நாளே நான் நிறுத்திவிட்டேன். காரணம் அந்த டப்பாவுக்குள் இருந்த காகிதம். பிறப்புறுப்பில் போடாதே, தோல் மெலியும் என்று அச்சடித்திருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த தோல், இன்னும் மெலிந்தால்? டாக்டரிடம் கேட்காமல் மூன்று வாரம் சும்மா இருந்தேன், அரிப்பு வட்டியோடு திரும்பி வந்தது. போனதும் திட்டு விழுந்தது. "காகிதம் ஊருக்கெல்லாம் பொதுவா எழுதினது, நான் உங்களுக்கு எழுதியிருக்கேன். 30 கிராம் ட்யூப் மூணு மாசம் வருதா பாருங்க, வந்தா அளவு சரி." முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன். விடிந்து எழுந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வெள்ளை முழுசாகப் போகவில்லை, வெடிப்பு போய்விட்டது. அரிப்பு நின்றதே என்று மருந்தை விட்டுவிடக் கூடாதாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றாக மாறலாம், நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவுதான், ஆனாலும் ஆறாத புண்ணோ தடிப்போ கட்டியோ தெரிந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார். அதனால் வாரம் இரண்டு நாள் மருந்து தொடர்கிறது. நான் செவ்வாயும் வெள்ளியும் வைத்துக்கொண்டேன், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், மறக்காது. கழுவ வெறும் தண்ணீர், வெளியே கிளம்பும் முன்னும் ஒண்ணுக்குப் போகும் முன்னும் கொஞ்சம் வாசலின், நைலான் உள்ளாடையெல்லாம் மூட்டை கட்டியாயிற்று.

போன மாதம் எஸ்டேட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் கடைக்கு வந்து, காப்பித்தூள் எடை போடும்வரை நின்று, ஆள் போனதும் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியில அரிப்பு, வெள்ளையா இருக்குது" என்றார். வருகிற திங்கள் முதல் பஸ்ஸில் அவரோடு நானும் இறங்குகிறேன். டோக்கன் எழுதும்போது பக்கத்தில் நான்தான் நிற்கப்போகிறேன், கையைக் காட்ட விடமாட்டேன்.